பயில்பண்ணையில் ஒரு பருவம்

(வேளாண் பயில்பணிக்குச் செல்லும் இளைஞர்களை வழியனுப்பும் கூட்டத்தில் ஆற்றிய உரை)

   

ஆடியில் விதைப்புத் தொடங்கித் தையில் கதிரறுப்பு முடியும் வரை, ஒரு முழுப் பருவம் நீங்கள் பண்ணையில் தங்கிப் பயில்பணி செய்யப் போகிறீர்கள். முற்பகலில் நிலத்தில் வேலை. பிற்பகலில், நகரத்துப் பள்ளிகளினின்று வரும் சிறுவர் சிறுமியரை வயலுக்கும் தொழுவத்திற்கும் அழைத்துச் சென்று உழவு இன்னதென்று காட்டிப் பழக்கும் வேலை. உங்களை வாழ்த்திப் பேசுமாறு என்னைப் பணித்தனர். வாழ்த்துவதற்கு ஒருநொடி போதும்; வாழ்த்தினேன். எஞ்சிய நேரத்தை, இக்கூட்டத்திற்கு முன் பெற்றோர் ஒருவர் என்னிடம் கேட்ட வினாவிற்கு விடை கூறுவதில் செலவிடலாம் என்று கருதுகிறேன்.

அவர் கேட்டார்: “ஐயா, சேற்றிலிருந்து பிள்ளையைக் கரையேற்றத்தானே பாடுபட்டுப் படிக்க வைத்தோம்? படித்து முடித்தவனை மறுபடியும் சேற்றில் இறக்குகிறீர்களே! குலக்கல்வி வேண்டாவென்று அன்று போராடியது எதற்காக?”

இவ்வினாவைச் சினந்து தள்ளுவோர் உளர். நான் தள்ளேன். கேட்க வேண்டியவர் கேட்டிருக்கிறார். உழவைப் பாடிய புலவர் எத்தனை பேராயினும், உழுதவனுக்கு இந்நாட்டில் நேர்ந்தது என்ன என்பதை அவர் குடும்பம் அறியும். ‘பண்ணை’ என்பது நல்ல தமிழ்ச்சொல். பண்ணுதல் என்னும் வினையோடு தொடர்புடையது. ஆயினும் அச்சொல்லோடு ‘ஆள்’ என்பதைச் சேர்த்துப் பாருங்கள். பண்ணையாள் என்றவுடன் தஞ்சை நிலத்தில் தலைமுறை தலைமுறையாய்க் கட்டுண்டு கிடந்த மாந்தர் நினைவிற்கு வருவர். அவர்களைக் காக்க 1952ஆம் ஆண்டில் தனிச்சட்டமே செய்ய வேண்டியிருந்தது. அவ்வாறிருக்க, ‘பண்ணைக்குப் போ’ என்று சொன்னால் ஒரு தந்தைக்கு அச்சம் எழாமல் என்ன செய்யும்?

குலக்கல்வித் திட்டம் என்ன செய்தது என்பதை இளைஞர் சிலர் அறியாதிருக்கலாம். 1953ஆம் ஆண்டு இராசாசி முதலமைச்சராயிருந்தபோது, சிற்றூர்த் தொடக்கப் பள்ளிகளில் படிப்பு நேரத்தை நாளொன்றுக்கு மூன்று மணியாகக் குறைத்தார். எஞ்சிய வேளையில் பிள்ளைகள் தத்தம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழக வேண்டும் என்றார். கேட்பதற்கு இனிதாகத்தான் இருந்தது. கையால் செய்யும் தொழில் உயர்ந்தது என்பதை யார் மறுப்பார்? ஆனால் திட்டத்தின் உட்பொருளைப் பாருங்கள். முடி மழிப்பவன் மகனுக்குக் கத்தி. துணி வெளுப்பவன் மகனுக்குக் கல். செருப்புத் தைப்பவன் மகனுக்கு ஊசி. வழக்கறிஞர் மகன் களைக்கொத்துப் பிடிக்க வேண்டும் என்று அத்திட்டத்தில் எங்கும் இல்லை! பெரியார் வெகுண்டெழுந்தார். அண்ணா தலைமையில் 1953 சூலையில் நடந்த மும்முனைப் போராட்டத்தில் ஒரு முனை இதற்கெனவே அமைந்தது. 1954இல் இராசாசி பதவி விலகினார், காமராசர் வந்தார், திட்டம் ஒழிந்தது. ஒழிந்தது நன்று.

ஆனால், மூன்று வேளைப் படிப்பும் நாள் முழுதும் உழைப்புமாய் இன்னொரு பண்ணை, அதற்கும் நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே இருந்தது. அதில் பயின்ற பிள்ளைகளில் தமிழ்ப்பிள்ளைகள் பலர். அதை ஒருவரும் குலக்கல்வி என்று சொன்னதில்லை. ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் நான் உங்களுக்கு விளக்க வந்திருக்கிறேன். அப்பண்ணை தமிழகத்திலும் இல்லை, இந்தியாவிலும் இல்லை. தென்னாப்பிரிக்காவில், சோகன்னசுபர்க்கு நகரிலிருந்து 21 கல் தொலைவில், இலாலி என்னும் தொடர்வண்டி நிலையத்தின் அருகே இருந்தது. தால்சுதாய்ப் பண்ணை என்பது அதன் பெயர்.

அங்கே தமிழ்ப்பிள்ளைகள் எப்படிச் சென்றனர்? 1860 நவம்பர் 16ஆம் நாள், சென்னையிலிருந்து புறப்பட்ட முதற்கப்பல் தர்பன் துறையை அடைந்தது. நேட்டால் நாட்டுக் கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக உழைக்க நம்மவர் அதில் சென்றனர். பின்னும் பல கப்பல்கள் சென்றன. ஒப்பந்தக் காலம் முடிந்தோரிலும் அவர்தம் வழியினரிலும் சிலர் காலப்போக்கில் உள்நாட்டிலிருந்த திரான்சுவாலுக்குச் சென்று வாழ்ந்தனர். அங்கே அரசு, ஆசியரெல்லாம் கைவிரல் அடையாளம் பதித்துப் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்று சட்டம் செய்தது. அதை எதிர்த்து 1906 முதல் காந்தியடிகள் தலைமையில் அறப்போர் நடந்தது. அப்போரில் மீண்டும் மீண்டும் சிறை சென்றவர்களுள் தமிழர் முன்னணியில் நின்றனர்.

சிறை சென்றவனின் மனைவி மக்களுக்கு யார் சோறிடுவது? ஒவ்வொரு குடும்பத்திற்கும் திங்கள்தோறும் பணம் கொடுத்துக் கட்டுப்படியாகவில்லை. அப்போதுதான் எர்மன் காலன்பாக்கு என்னும் யூதப் பெருமகனார், செல்வம் மிக்க கட்டடக் கலைஞர், 1910இல் ஏறத்தாழ 1,100 ஏக்கர் நிலத்தை வாங்கி, வாடகையின்றிப் போராளிகளின் குடும்பங்களுக்கு விட்டுக்கொடுத்தார். அவ்வாண்டு நவம்பரில் மறைந்த உருசிய எழுத்தாளர் தால்சுதாயின் பெயரையே அதற்கு இட்டனர். ஏறத்தாழ ஆயிரம் கனிமரங்கள், கிணறுகள் இரண்டு, ஓர் ஊற்று. குடியிருந்த இடத்திலிருந்து ஊற்று ஐந்நூறு கசத் தொலைவில் இருந்தது. நீரைக் காவடி கட்டித் தோளில் சுமந்து வந்தனர். முதலில் இளைஞர் நாற்பதின்மர், முதியவர் இருவர் மூவர், பெண்கள் ஐவர், சிறுவர் சிறுமியர் இருபது முப்பதின்மர்.

இனிக் கவனமாகக் கேளுங்கள். அப்பண்ணையில் வேலைக்காரர் என்று ஒருவரும் இலர். சமைப்பது முதல் கழிவகற்றுவது வரை அனைத்தையும் அங்கு வாழ்ந்தோரே செய்தனர். அடுக்களைப் பணியில் இல்லாத ஒவ்வொருவரும் தோட்டத்தில் உழைக்க வேண்டும். அதில் பெரும்பங்கு பிள்ளைகளுடையது. குழி தோண்டினர், மரம் வெட்டினர், சுமை தூக்கினர். எல்லாவற்றினும் மேலாய் ஒரு நெறி வைத்திருந்தனர்: ஆசிரியர் செய்யாத வேலை எதையும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லலாகாது. பிள்ளைகள் ஒரு வேலையில் இறங்கினால் அவர்களோடு ஆசிரியர் ஒருவர் உடனிருந்து தாமும் அதே வேலையைச் செய்ய வேண்டும். மேற்பார்வை பார்ப்பதன்று, செய்ய வேண்டும்.

குலக்கல்விக்கும் இதற்கும் உள்ள தொலைவு இந்நெறியில் அடங்கியிருக்கிறது. அங்கே யார் மகன் என்று பார்த்து வேலை பிரிக்கப்படவில்லை. இராயப்பன் என்ற நம்மவர் ஒருவர் இருந்தார், யோசேப்பு இராயப்பன். கிறித்துவத் தமிழர், இங்கிலாந்து சென்று பாரிசுட்டர் பட்டம் பெற்றவர். சிறையும் சென்றார், பண்ணைக்கும் வந்தார். கடும் உழைப்பு அவருடல் தாங்காது. எனினும், தொடர்வண்டியிலிருந்து மூட்டைகளை இறக்கி வண்டியில் ஏற்றி இழுக்கும் வேலையில் தம்மாலியன்ற அளவு அவரும் தோள் கொடுத்தார். கூலிக்காரர் மகனும் பாரிசுட்டரும் ஒரே மூட்டையை ஆளுக்கொரு முனை பிடித்துத் தூக்குகின்றனர்! உடையும் ஒன்றே: சிறையாளிகளின் உடையைப் பார்த்துத் தைத்த முரட்டுக் காற்சட்டையும் மேற்சட்டையும்.

பாட்டனார் ஒப்பந்தக் கூலியாய்க் கரும்புக் காட்டில் மண்ணைக் கொத்தினார்; பேரன் தால்சுதாய்ப் பண்ணையில் மண்ணைக் கொத்தினான். மண்வெட்டி ஒன்றுதான். முன்னவர் கையில் அது விலங்கு. பின்னவன் கையில் அது விலங்கன்று. ஏனெனில் அவன் பக்கத்தில் அவன் ஆசிரியரும் கொத்திக் கொண்டிருந்தார்.

காலன்பாக்கு மரியான்கில் என்னுமிடத்திலிருந்த கிறித்துவத் துறவியர் மடத்திற்குச் சென்று செருப்புத் தைக்கக் கற்றுவந்தார். அவரிடம் காந்தியடிகள் கற்றார். அவர் பிறர்க்குக் கற்பித்தார். செல்வர் வீட்டுக் கட்டடக் கலைஞர் தோல் தைக்கிறார். வணிகர் குலத்துப் பாரிசுட்டர் அதைப் பயில்கிறார். இந்நாட்டில் எந்தத் தொழிலைச் செய்தவனை ஊருக்கு வெளியே நிறுத்தினோமோ அந்தத் தொழில்! தச்சு வேலையும் அவ்வாறே நடந்தது.

இவற்றையெல்லாம் பொன்னுலகம் போல் நான் புனைந்து காட்ட விரும்பவில்லை. பிள்ளைகள் வேலைக்கு மட்டம் போட்ட நாள்களும் உண்டு. கண்டிப்பாய் இருக்க வேண்டியிருந்தது என்று காந்தியடிகளே எழுதியிருக்கிறார். அடங்காத மாணவன் ஒருவனைக் கோலால் அடித்துவிட்டுத் தாமே நடுங்கியதையும் எழுதியிருக்கிறார். படிப்போ, நண்பகல் உணவிற்குப் பிறகு; மிகுதியாய்ப் போனால் மூன்று பாடவேளை. காலை முழுதும் உழைத்த உடம்பு உட்கார்ந்தால் என்ன செய்யும்? மாணவர் உறங்கினர், ஆசிரியரும் உறங்கினார். கண்ணில் நீர் தெளித்துப் பார்த்தனர்; விளையாட்டுக் காட்டிப் பார்த்தனர். சிலநாள் பயன் கிட்டவில்லை. இந்தப் பகுதியை நான் போற்றமாட்டேன். போர்க்காலத்தில் வேறுவழியின்றிச் செய்ததை, அமைதிக் காலத்திற்கு அளவுகோலாக்கி ‘மூன்று மணி நேரம் போதும்’ என்பது ஏமாற்று. நீங்கள் செல்லும் பண்ணையிலும் எழுத்து வேலையைக் காலை இளவெயிலில் வைத்துக்கொள்ளுமாறு பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

அந்த மூன்று பாடவேளையில் நடந்த ஒன்றை மட்டும், தமிழர் கூட்டத்தில் சொல்லாமல் விடமுடியாது.

அங்கிருந்த தமிழ்ப்பிள்ளைகள் அனைவரும் தென்னாப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். தமிழைச் சிறிதளவே அறிந்திருந்தனர். தமிழெழுத்தோ அறவே அறியார். கப்பலேறிய ஐம்பது ஆண்டுகளுக்குள் எழுத்துப் போய்விட்டது. அவர்களுக்கு அ, ஆ கற்பிக்க அப்பண்ணையில் அமைந்தவர் யார்? குசராத்தியரான காந்தியடிகள்! அவர் கற்ற தமிழோ கப்பற் பயணத்திலும் சிறையிலும் கற்றது. போப்பையர் இயற்றிய தமிழ்க் கையேட்டைத் தாண்டி அவர் செல்லவில்லை. திருக்குறளையும் திருவாசகத்தையும் ஆங்கிலத்தில் பெயர்த்தாரே, அதே போப்பையர்தாம். ஆங்கிலப் பாதிரியார் எழுதிய நூலைப் படித்த குசராத்தியர், ஆப்பிரிக்க மண்ணில் பிறந்த தமிழ்ப்பிள்ளைகளுக்குத் தமிழ் நெடுங்கணக்கையும் இலக்கணத் தொடக்கத்தையும் கற்பித்தார். நகைப்பதா, நாணுவதா என்று எனக்கே விளங்கவில்லை.

ஆனால் அவர் தம் அறியாமையை அவர்களிடம் மறைக்கவில்லை. தமிழில் தம்மை எந்நாளும் வீழ்த்திவிட முடியும் என்பதைத் தம் தமிழ் மாணவர் அறிந்திருந்தனர் என்று அவரே எழுதுகிறார். ஆங்கிலம் அறியாத தமிழர் அவரைக் காண வந்தால், அப்பிள்ளைகளே இடைநின்று மொழிபெயர்த்தனர். எழுத்தறியாத பிள்ளைகள் ஆசிரியருக்கே நாவாகி நின்றனர்! தாய்மொழியில் கற்பதால் வரும் மிடுக்கு இதுதான். கற்பிப்பவனைவிடத் தனக்கு ஒன்று மிகுதியாய்த் தெரியும் என்று குழந்தை உணரும் இடம் அது. அயன்மொழிப் பள்ளியில் அவ்விடம் குழந்தைக்கு ஒருநாளும் கிட்டாது.

பின்னாளில் இந்தியைத் தென்னாட்டில் பரப்ப 1918இல் சென்னையில் அவை நிறுவியவரும் அதே காந்தியடிகள்தாம். அக்கொள்கையில் நமக்கு உடன்பாடில்லை, என்றும் இருந்ததில்லை. அதற்காக, தால்சுதாய்ப் பண்ணையில் அவர் செய்ததை மறைப்பது நேர்மையாகாது.

பண்ணை 1913 சனவரியில் முடிவுக்கு வந்தது. எஞ்சியோர் தர்பனுக்கு அருகிலிருந்த பீனிக்சு குடியிருப்புக்குச் சென்றனர். மொத்தம் மூன்று ஆண்டுகூட நிறைவாக இல்லை. அங்கு வாழ்ந்த பெண்கள் என்ன ஆயினர் தெரியுமா? அதே 1913ஆம் ஆண்டு அக்தோபரில், நியூகாசில் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் சென்று வேலையை நிறுத்துங்கள் என்று கூறிய பதினொரு பெண்களின் அணியைக் காந்தியடிகள் அப்பண்ணையில் வாழ்ந்த பெண்களைக் கொண்டே அமைத்தார். ஒருவர் நீங்கலாக அனைவரும் தமிழ்ப்பெண்கள். தம்பி நாயுடுவின் துணைவியார் அவர்களுள் ஒருவர். கைக்குழந்தையோடு சென்றோரும் உளர். மூன்று திங்கள் கடுங்காவல் பெற்றனர். சுரங்கங்கள் நின்றன.

இனி உங்கள் பண்ணைக்கு வருவோம்.

முதலாவது, உங்கள் கையில் வரும் பிள்ளைகளைச் செய்யச் சொல்லும் வேலையை நீங்களும் செய்யுங்கள். சாணி அள்ளச் சொல்லிவிட்டு நிழலில் நின்று நிழற்படம் எடுப்பவன் பயில்பணியாளன் அல்லன். அவனுக்குக் கங்காணி என்று பெயர். வருகிற பிள்ளைகளுள் உழவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும், மருத்துவர் வீட்டுப் பிள்ளையும் இருக்கும். உழவர் வீட்டுப் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரியும் என்று களையெடுக்க விட்டுவிட்டு, மற்றப் பிள்ளையைப் பட்டாம்பூச்சி காட்ட அழைத்துச் செல்லும் பழக்கத்தைச் சில இடங்களில் நான் பார்த்திருக்கிறேன். தெரிந்தே செய்வதில்லை, இயல்பாக வந்துவிடுகிறது. குலக்கல்வி அவ்வாறுதான் புறவாயில் வழியாய் நுழையும். மாற்றிச் செய்யுங்கள். மருத்துவர் மகள் தொழுவத்தைக் கூட்டட்டும்; உழவர் மகன் பட்டாம்பூச்சியின் முட்டை எந்த இலையடியில் இருக்கிறது என்று எழுதட்டும்.

இன்னொன்று, ஊதியம் பற்றியது. பயிற்சி என்ற பெயரில் கூலியில்லா ஆள் சேர்க்கும் பண்ணைகளும் நாட்டில் உண்டு. எத்தனை மணி நேரம் வேலை, எத்தனை மணி நேரம் கற்றல், உணவும் உறைவிடமும் யார் பொறுப்பு, கைச்செலவுக்கு எவ்வளவு என்பதையெல்லாம் எழுத்தில் பெற்றுக்கொண்டு போங்கள். கேட்கக் கூசவேண்டா. அவ்வூரில் நாற்று நடவை நம்பி வாழும் பெண்களின் வேலையை நீங்கள் இலவயமாய்ச் செய்து அவர்கள் கூலியைக் கெடுத்துவிடவும் வேண்டா. அவர்களோடு சேர்ந்து நடுங்கள். அவர்கள் இடத்தில் நடாதீர்கள்.

மூன்றாவது நம் மொழி. நீங்கள் நல்ல தமிழ் பேசுவீர்கள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் அங்குள்ள உழவர்க்குத் தமிழ் கற்பிக்கப் போகிறோம் என்ற எண்ணம் இருந்தால் ஊர் எல்லையிலேயே இறக்கி வைத்துவிடுங்கள். நெல்லின் அடி தாள், கீரையின் அடி தண்டு, சோளத்தின் அடி தட்டை, கரும்பின் அடி கழி, மூங்கிலின் அடி கழை, வேம்பின் அடி அடியே என்று பாவாணர் எடுத்துக்காட்டியதைப் பாடமாய்ப் படித்திருப்பீர்கள். அச்சொற்கள் அகரமுதலியில் விளைந்தவை அல்ல. வயலில் நின்ற கைகள் ஒவ்வொன்றையும் பிடித்துப் பார்த்து இட்டவை. ஓர் எழுபது அகவை மூதாட்டி நீர் இறைக்கும் பொறியை ‘மோட்டார்’ என்றால் நகைத்துவிடாதீர்கள். அவர் வாயில் அந்த ஒரு சொல்லுக்கு நூறு நல்ல சொற்கள் இருக்கும்.

ஒன்றை மட்டும் சொல்லிக் காட்டுகிறேன். உழவுக்கு நிலம் பதமாயிருக்கிறதா என்பதை எப்படி அறிவது? ஒருபிடி மண்ணை எடுத்து உருட்டுங்கள். உருண்டையே பிடிபடாமல் உதிர்ந்தால் ஈரம் போதாது. பிடித்த உருண்டையைக் கீழே விட்டாலும் உடையாமல் அப்பிக்கொண்டால் ஈரம் மிகுதி. உருண்டையாகி, விழுந்தவுடன் பொலபொலவென்று உடைந்தால் பதம். பத்து அகவைப் பிள்ளைக்கு இதைச் செய்யக் கொடுங்கள். பதம் என்ற சொல்லைப் பிறகு அது மறவாது. ஏனெனில் அச்சொல் அதன் உள்ளங்கையில் இருக்கிறது. பாத்தி, வரப்பு, மடை, நாற்றங்கால், பரம்பு, பொலி, தூற்றுதல், சீம்பால் எல்லாம் இவ்வாறே. பாடநூலில் படத்தின் கீழ் அச்சிட்டிருக்கும் சொல்லைக் குழந்தை தேர்வு முடிந்தவுடன் உதிர்த்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் எழுத்துப் போக ஐம்பது ஆண்டு ஆயிற்று. இங்கே உழவுச் சொற்கள் போவதற்குக் கடல் கடக்க வேண்டியதில்லை. பதினைந்து கல் தொலைவில் ஆங்கிலப் பள்ளியில் படிக்கும் உழவர் மகனுக்கே நுகத்தடி எது, மேழி எது, கொழு எது என்று தெரியவில்லை. ஏர் போய் இழுவைப்பொறி வந்துவிட்டது, வரட்டும். பழைய கலப்பையைத் தூக்கி வைத்துக் கும்பிட நான் சொல்லவில்லை. இழுவைப்பொறியின் உறுப்புகளுக்கு அவ்வூர்ப் பொறியாளர் என்ன பெயர் சொல்லுகிறார் என்பதையும் சேர்த்தே கேளுங்கள். அவர்களே ஆக்கிக்கொண்ட பெயர்களில் சில, நம் சொல்லாக்கக் குழுக்கள் ஆக்கியவற்றினும் நன்றாயிருப்பதைக் கண்டிருக்கிறேன். இது நம் புலவர்க்கு உவப்பாயிராது, பொறுத்தருள்க.

ஆகவே ஆளுக்கொரு நூறுதாள் சுவடி கொடுக்கப்படும். நாள்தோறும் இரவில் அன்று கேட்ட புதுச்சொல்லை எழுதுங்கள். சொல்லை மட்டும் எழுதிப் பயனில்லை. சொன்னவர் எவ்வூரினர், எந்த வேலையின் நடுவில் சொன்னார், அச்சொல்லை வேறு எதற்கெல்லாம் வழங்குகின்றனர் என்பவற்றையும் எழுதுங்கள். பிள்ளைகள் புதிதாய் ஆக்கிச் சொல்லும் சொல்லையும் விட்டுவிடாதீர்கள். தையில் அறுவடை முடிந்து திரும்பும்போது அச்சுவடிகளை இதழ் அலுவலகத்தில் ஒப்படைத்தால், திங்கள்தோறும் இரண்டு பக்கம் ஒதுக்கி வெளியிட ஆசிரியர் இசைந்திருக்கிறார். வண்டி புதன்கிழமை வைகறை நான்கு மணிக்குப் புறப்படும். மண்வெட்டியும் அரிவாளும் பண்ணையிலேயே உள்ளன. கனமான போர்வை ஒன்றும் கைவிளக்கு ஒன்றும் எடுத்துச் செல்லுங்கள். மார்கழிப் பனி அவ்வூரில் கடுமையாய் இருக்கும்.